முதலில் காகிதம், பிறகு தகரம்: விபத்துக் காரை ஏலத்தில் வாங்கிய வாசகருக்கு

கடிதம் எழுதியவர் திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் வேலை செய்கிறார். வயது 31. பெயரையும் வண்டி எண்ணையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2020-இல் பெங்களூரில் பதிவான ஒரு பெட்ரோல் செடான் கார். 2024 நவம்பரில் கிருஷ்ணகிரி அருகே, நெடுஞ்சாலையில் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் மோதியது. ஓட்டியவர் மணிக்கட்டு முறிவோடு தப்பினார். காப்பீட்டு நிறுவனம் 'டோட்டல் லாஸ்' (முழுச் சேதம்) என்று முடிவு செய்து உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டது. நொறுங்கிய வண்டி இணைய ஏலத்தில் ஒரு தரகரிடம் போனது. அவரிடமிருந்து நம் வாசகர் 1,65,000 ரூபாய்க்கு வாங்கி, 14,000 ரூபாய் கொடுத்து இழுவை வண்டியில் திருப்பூருக்குக் கொண்டுவந்திருக்கிறார். இப்போது அது ஒரு டிங்கரிங் பட்டறையில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. பட்டறைக்காரர் 2,40,000 ரூபாய் கேட்கிறார். பழுதில்லாத இதே கார் சந்தையில் ஐந்தரை லட்சம் போகிறது என்பது வாசகரின் கணக்கு.

கையில் இருப்பவை: ஆர்.சி. புத்தகத்தின் நகல், முதல் உரிமையாளர் கையெழுத்துப் போட்ட நிரப்பப்படாத படிவம் 29, படிவம் 30 (இரண்டும் பெயர் மாற்றத்துக்கானவை), பழைய காப்பீட்டுப் பத்திரத்தின் நகல், காப்பீட்டுக் கோரிக்கைத் தாளின் நகல், தரகர் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டு.

"அமெரிக்காவில் இப்படிப்பட்ட கார்களை வாங்கிச் சரிசெய்து ஓட்டுவதை நிறைய வீடியோக்களில் பார்த்திருக்கிறேன். அங்கே அதிகாரி வந்து பார்த்துச் சான்று கொடுத்துவிடுகிறார். இங்கேயும் ஆர்.டி.ஓ. பார்த்துவிட்டால் போதும்தானே? கையெழுத்துப் போட்ட படிவங்கள் இருப்பதால் பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? ஏர்பேக் மாற்றுவதற்குச் செலவு அதிகம், விளக்கு எரியாமல் செய்துவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். பழைய விபத்து வழக்கு என் தலையில் விழுமா? இரண்டு வருடம் ஓட்டிவிட்டு விற்றால், வாங்குபவரிடம் இதையெல்லாம் சொல்லியாக வேண்டுமா? செத்த வண்டி வீட்டுக்கு ஆகாது என்று அப்பா ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பாவின் சகுனத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அவருடைய கவலையில் பாதி சட்டப்படியும் சரியானதுதான். மீதிப் பாதிக்கு வழி இருக்கிறது. மோட்டார் விபத்து வழக்குகளிலும் நுகர்வோர் வழக்குகளிலும் பல வருடங்களாக இப்படிப்பட்ட வண்டிகளைப் பார்த்துவருகிறேன். சரியாக எழுந்து நின்ற கார்களும் உண்டு. ஆனால் எழுந்து நின்றபின் யாருடையது என்று தெரியாமல் பட்டறை வாசலிலேயே துருப்பிடித்த கார்கள் அதைவிட அதிகம். இரண்டாம் வகையில் பெரும்பாலானவற்றின் கதை ஒன்றுதான்: தகரத்தில் பணத்தைக் கொட்டிவிட்டுக் காகிதத்தைத் தேடப் போனார்கள். நீங்கள் வரிசையை மாற்றுங்கள். இன்று பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதாக இருந்தால் அதை நிறுத்திவையுங்கள்.

அமெரிக்க வீடியோக்களைப் பற்றி

அந்த நாட்டில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு என்றாலும் அடிப்படை ஒன்று. முழுச் சேதம் என்று அறிவிக்கப்பட்ட காரின் உரிமைப் பத்திரத்திலேயே அது பதிவாகிவிடும். சரிசெய்து, ஆய்வுக்குக் காட்டியபின் 'மீண்டும் கட்டப்பட்டது' என்ற முத்திரையோடு புதிய பத்திரம் வரும். அந்த முத்திரை வண்டி உள்ளவரை போகாது. வாங்குபவர் எல்லோருக்கும் தெரியும், விலையும் அதற்கேற்பக் குறையும்.

நம் ஊரில் அப்படி ஒரு தனிப் பத்திரம் கிடையாது. ஆர்.சி.யைப் பார்த்தால் இந்தக் கார் லாரியின் அடியில் போய் வந்தது என்பதே தெரியாது. சட்டத்தின் கண்ணில் முக்கியமானவை இரண்டு நிலைகள்: பதிவு உயிரோடு இருக்கிறது, அல்லது ரத்தாகிவிட்டது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, ஒரு வாகனம் அழிந்துபோனாலோ நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாத நிலைக்கு வந்தாலோ உரிமையாளர் 14 நாட்களுக்குள், அல்லது இயன்ற அளவு விரைவில், பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. முழுச் சேதத்துக்குப் பணம் கொடுக்கும்போது ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டு வரும்படி உரிமையாளரிடம் காப்பீட்டு நிறுவனம் கேட்பதும் உண்டு. அப்படி ஏற்கெனவே ரத்தாகியிருந்தால் உங்களிடம் இருப்பது கார் அல்ல, உதிரிபாகங்களின் குவியல். எவ்வளவு அழகாகச் சரிசெய்தாலும் அதற்குப் பழைய எண்ணைத் திரும்பக் கொடுக்கும் எளிய வழி எதுவும் சட்டத்தில் இல்லை.

ஆகவே உங்கள் முதல் வேலை இலவசமானது. மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் அல்லது எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். 'ஆக்டிவ்' என்று இருக்கிறதா, ரத்து அல்லது இடைநிறுத்தம் என்று இருக்கிறதா, கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் நிற்கிறதா, கருப்புப் பட்டியலில் இருக்கிறதா, அபராதச் சலான்கள் பாக்கி இருக்கின்றனவா? இவை எல்லாம் அங்கே தெரியும். ரத்து என்று வந்தால் இந்தக் கடிதத்தில் கடைசித் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

ஆர்.டி.ஓ. பார்த்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். லாரி, டாக்சியைப் போலக் குறிப்பிட்ட கால இடைவெளியில் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று பார்ப்பது அதற்குக் கிடையாது. வேறு மாநில வண்டி என்பதால் உங்கள் காரை மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருமுறை பார்ப்பார், உண்மைதான். அவர் பார்ப்பது சேசிஸ் எண், எஞ்சின் எண், நிறம், மாடல் ஆகியவை ஆர்.சி.யோடு பொருந்துகின்றனவா என்பதை. பென்சிலால் தேய்த்து எண்ணைப் படியெடுப்பார். முன்புற உத்திரம் நேராக இருக்கிறதா என்று அளந்து பார்க்க அவரிடம் கருவியும் இல்லை, நேரமும் இல்லை. அவருடைய ஒப்புதலை வண்டி திடமானது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கையெழுத்துப் போட்ட படிவம் பெயர் மாற்றம் ஆகாது

கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த வரி இதுதான். படிவம் 29-ம் 30-ம் கையில் இருப்பதால் வண்டி உங்களுடையது ஆகிவிட்டதாக நினைக்கிறீர்கள். பணம் கொடுத்தவர் நீங்கள்தான். ஆனால் பதிவேட்டில் உரிமையாளர் இன்னும் பெங்களூர்க்காரர். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கிலும் வண்டி அடுத்தடுத்துப் பலர் கைக்கு மாறியிருந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. நாளை நீங்கள் யாரையாவது இடித்தால் அந்தப் பெங்களூர்க்காரருக்குச் சம்மன் போகும். பிறகு அவர் உங்களைத் தேடி வருவார்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். பெயர் மாற்றம், தடையில்லாச் சான்று போன்ற சேவைகள் இப்போது இணையவழியில் போகின்றன. பதிவான கைபேசி எண்ணுக்கு ஒரு முறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) வரும். அது முதல் உரிமையாளரின் கைபேசி. அவர் காப்பீட்டுப் பணத்தை வாங்கிப் புது வண்டியும் எடுத்திருப்பார். தரகரின் துண்டுச் சீட்டுக்காகத் தொலைபேசியை எடுத்துக் கடவுச்சொல்லைச் சொல்வாரா? எனவே தரகரை நம்பி நிற்காமல் நீங்களே அவரோடு நேரடியாகப் பேசுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குப் போய்ப் பாருங்கள். வண்டி அவர் பெயரிலேயே ஓடினால் அவருக்குத்தான் ஆபத்து என்பதை விளக்கினால் ஒத்துழைக்காதவர்கள் குறைவு.

அவரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் பெற வேண்டியவை: அசல் ஆர்.சி.; இழப்பீடு கொடுத்துத் தீர்த்ததற்கும் வண்டியை ஏலத்தில் விற்றதற்குமான கடிதம்; ஏலம் எடுத்தவர் பெயரும் தொகையும் உள்ள ரசீது; ஏலம் எடுத்தவர் உங்களுக்கு விற்றதற்கான எழுத்து. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வியாபாரிகள் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற வேண்டும். அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்ததை உரிமையாளர் படிவம் 29சி மூலம் தெரிவித்தால், அதன்பின் வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். உங்கள் தரகருக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று அவர் மழுப்பினால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஆர்.சி. நகலில் ஒரு வங்கியின் பெயர் இருப்பதாகத் தெரிகிறது. முழுச் சேதத் தொகையில் முதலில் கடன் கழியும். மிச்சம்தான் உரிமையாளருக்கு. தொகை கடனை அடைக்கப் போதவில்லை என்றால் வங்கி தன் உரிமையை விட்டிருக்காது. வங்கியின் கடன் தீர்ந்த கடிதமும், ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்கும் படிவம் 35-ம் இல்லாமல் ஒரு ஸ்பேனரைக்கூட அந்த வண்டியின் மேல் வைக்காதீர்கள். நீங்கள் புதிதாக்கிய காரை வங்கி வந்து எடுத்துப் போனால், செலவுக்கு யாரிடம் போவீர்கள்?

அதன்பிறகு ஊர் மாற்றம். கர்நாடகப் பதிவு அலுவலகத்திலிருந்து 48-ஆம் பிரிவின்படி தடையில்லாச் சான்று, அதற்குப் படிவம் 28. பிறகு தமிழ்நாட்டில் புதிய எண், வண்டியின் வயதுக்கு ஏற்ற ஆயுட்கால வரி. இந்த வரியை உங்கள் கணக்கில் நீங்கள் எழுதவே இல்லை. திருப்பூர் அலுவலகத்தில் கேட்டுத் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கத் தனி விண்ணப்பம் உண்டு. அது கைக்கு வரும்வரை வந்ததாகக் கணக்கிடாதீர்கள்.

இதில் ஒரு முடிச்சும் இருக்கிறது. இந்த வேலைகளுக்கு நடப்பில் உள்ள காப்பீடும் புகைச் சான்றும் கேட்பார்கள். ஓடாத வண்டிக்குப் புகைச் சான்று கிடைக்காது. அதனால் பழுதுபார்த்து முடிக்கும்வரை பெயர் மாற்றத்தை முடிக்க முடியாமல் போகலாம். நான் 'முதலில் காகிதம்' என்பது எல்லாக் காகிதமும் முடிந்தபின் சுத்தியலை எடுங்கள் என்ற பொருளில் அல்ல. பதிவு உயிரோடு இருப்பதும், வங்கி விலகிவிட்டதும், முதல் உரிமையாளர் கூட நிற்பதும் எழுத்தில் உறுதியானபின் எடுங்கள். மிச்சத்தை ஓடும் வண்டியோடு முடிக்கலாம். பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அதையும் அவரைக் கொண்டே முடக்கச் சொல்லுங்கள். சிறிய விஷயம், ஆனால் உங்கள் சுங்கக் கட்டணம் அவர் கணக்கில் கழிந்தால் அடுத்த தொலைபேசி அழைப்பு இனிமையாக இருக்காது.

பழைய வழக்கு

லாரியோடு மோதிய விபத்துக்கு இழப்பீட்டு வழக்கு வந்தாலும் அது விபத்து நாளில் உரிமையாளராக இருந்தவரையும் அன்றைய காப்பீட்டு நிறுவனத்தையும்தான் சேரும். உங்கள் தலையில் விழாது. இந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. நீங்கள் அனுப்பிய காப்பீட்டுக் கோரிக்கைத் தாளின் மூலையில் ஒரு காவல் நிலையக் குற்ற எண் எழுதியிருக்கிறது. அப்படியானால் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறது. வண்டியைக் காவல்துறை கைப்பற்றி, நீதிமன்றம் இடைக்காலமாக விடுவித்திருக்கலாம். இதற்கான பிரிவு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451; 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 497. இப்படி விடுவிக்கும்போது வழக்கு முடியும்வரை வண்டியை விற்கக் கூடாது, உருமாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம். உங்கள் பட்டறைக்காரர் செய்யப்போவது உருமாற்றம் இல்லாமல் வேறென்ன? அந்த உத்தரவின் நகலை முதல் உரிமையாளரிடம் கேளுங்கள். நிபந்தனை இருந்தால் அவர் மூலமாக நீதிமன்றத்தில் மனுப்போட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். புகைப்படம் எடுத்துப் பதிவு செய்தபின் நீதிமன்றங்கள் இதைப் பெரும்பாலும் மறுப்பதில்லை.

2,40,000 ரூபாயில் என்ன இல்லை?

இனி தகரத்துக்கு வருவோம். உங்கள் பழைய பத்திரத்தில் வண்டியின் காப்பீட்டு மதிப்பு 5,20,000 ரூபாய். பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழுச் சேதமாகக் கொள்வது நம் நாட்டு மோட்டார் காப்பீட்டு விதி. அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் கணக்கில் செலவு 3,90,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. உங்கள் பட்டறைக்காரர் அதே வண்டியை 2,40,000-க்கு முடிப்பேன் என்கிறார். நடுவில் குறைந்தது ஒன்றரை லட்சம் காணாமல் போயிருக்கிறது. அது எங்கே போனது?

ஒரு பகுதி நியாயமானது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் கூலி அதிகம், எல்லாப் பாகமும் புதிது. தனியார் பட்டறையில் கூலி குறைவு. கதவு, பானெட், விளக்கு, ரேடியேட்டர் போன்றவற்றைச் சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களிலிருந்து பழைய பாகமாக வாங்கிப் போடலாம். அதில் தவறு இல்லை, ரசீது மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டு வண்டியின் பாகம் என்று நாளை யாராவது வந்தால் உங்களைக் காப்பது அந்தத் தாள்தான்.

மீதிப் பகுதிதான் கவலை. தோலுக்கு அடியில் உள்ளவை அந்தத் தொகையில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நின்ற லாரியின் பின்னால் போய் மோதிய கார் பெரும்பாலும் லாரியின் அடியில் நுழைந்துவிடும். அடி பம்பரோடு நிற்காது; எஞ்சினைத் தாங்கும் நீள உத்திரங்கள், ஏப்ரன் எனப்படும் எஞ்சின் அறையின் பக்கத் தகடுகள், கண்ணாடியின் இரு பக்கத் தூண்கள் வரை போயிருக்கும். இன்றைய கார்களில் இந்த இடங்களில் அதிக வலுவுள்ள எஃகு இருக்கிறது. பழைய அம்பாசிடரைப்போலக் கேஸ் வெல்டிங் தீயைக் காட்டிச் சூடாக்கி, சங்கிலி கட்டி இழுத்து நேராக்கினால் பார்க்க நேராகத்தான் இருக்கும். ஆனால் சூட்டில் அந்த எஃகு தன் வலுவை இழந்துவிடும். அடுத்த மோதலில் மடங்க வேண்டிய இடம் மடங்காது, மடங்கக் கூடாத இடம் மடங்கும்.

பட்டறைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஜிக் பெஞ்சில் ஏற்றி அளந்தீர்களா?" இழுத்துக் கட்டும் மேடையில் வண்டியைப் பொருத்தி, தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளோடு புள்ளிபுள்ளியாக ஒப்பிட வேண்டும். பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருக்கக் கூடாது என்பார்கள். அளந்த தாளைக் காட்டச் சொல்லுங்கள். 'கண்ணளவே போதும், முப்பது வருட அனுபவம்' என்ற பதில் வந்தால் அவர் திறமையைக் குறைத்து மதிக்க வேண்டாம். வணக்கம் சொல்லிவிட்டு, அந்த மேடை உள்ள பட்டறைக்கு வண்டியை மாற்றுங்கள். திருப்பூரில் கிடைக்கவில்லை என்றால் கோவையில் கிடைக்கும்.

இன்னொரு யோசனையும் உங்களிடம் வைக்கப்படலாம். பின்னால் அடிபட்ட இதே மாடல் காரின் முன்பாதியை வெட்டி இதில் ஒட்டுவது. வேண்டாம். பல கார்களில் சேசிஸ் எண் எஞ்சின் அறையின் பின்சுவரிலோ முன் இருக்கையின் அடியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். வெட்டி ஒட்டினால் எண்ணும் மாறிப் போகலாம். 'பழைய எண்ணை மறுபடி பொறித்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அழிந்த காரின் ஆர்.சி.யை வைத்துத் திருட்டுக் காருக்கு அதன் எண்ணைப் பொறித்து ஓட்டும் கும்பல்கள் நாடெங்கும் பிடிபட்டிருக்கின்றன. உங்கள் நோக்கம் அதுவல்ல என்பதைக் காவல் நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஏர்பேக் விளக்கை ஏமாற்றுவது

இங்கே கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரை ஓட்டியவர் மணிக்கட்டு முறிவோடு தப்பினார் என்று எழுதியது நீங்கள்தான். அவர் மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் அன்று விரிந்த பையைத்தான் 'செலவு அதிகம்' என்கிறீர்கள். ஒரு சிறு மின்தடையத்தை (ரெசிஸ்டர்) ஒயரில் செருகினால் விளக்கு அணையும், உள்ளே எதுவும் இருக்காது. டேஷ்போர்டை ஒட்டி மூடியபின் உங்கள் மனைவிக்கோ, நாளை வாங்குபவருக்கோ அது தெரியவே தெரியாது. மெதுவாகத்தான் ஓட்டுவேன் என்கிறீர்கள். எதிரே வருபவரும் மெதுவாக வருவார் என்று யார் எழுதிக் கொடுத்தது?

மாற்ற வேண்டியது பை மட்டும் அல்ல. வெடித்தபோது சீட் பெல்ட்டை இறுக்கிய அமைப்பும் ஒரே தடவைதான் வேலை செய்யும். அதையும் மாற்ற வேண்டும். பைகளைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி, மோதலை உணரும் சென்சார்கள், ஸ்டீயரிங்கின் உள்ளே சுருண்டிருக்கும் ஒயர் ஆகியவற்றையும் தயாரிப்பாளரின் கையேடு சொல்வதுபோல் மாற்றவோ சோதிக்கவோ வேண்டும். இவற்றில் பழைய பாகம் வேண்டாம். உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மையத்தில் இந்தப் பட்டியலுக்கு மட்டும் தனியாக விலை எழுதி வாங்குங்கள். 2,40,000-த்தில் காணாமல் போனதில் பெரும்பகுதி அங்கே வந்து நிற்கும்.

சட்டமும் உண்டு. ஆபத்து விளைவிக்கும் குறை இருப்பது தெரிந்தே வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது 190-ஆம் பிரிவில் குற்றம். அபராதத் தொகை பெரிதல்ல. அதைக் கண்டு பயப்படச் சொல்லவும் இல்லை.

காப்பீடு

முழுச் சேதத்துக்குப் பணம் கொடுத்தவுடன் பழைய பத்திரம் முடிந்துபோனது. அதை உங்கள் பெயருக்கு மாற்றலாம் என்று தரகர் சொன்னதை மறந்துவிடுங்கள். புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பட்டறையைச் சுற்றி ஒரு சோதனை ஓட்டம்கூடக் கூடாது. முதல் தடவை பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 1000 முதல் 1500 சிசி வரையிலான சொந்தக் காருக்கு அதன் ஆண்டுப் பிரீமியம் வரி தவிர 3,416 ரூபாய்தான். அதுவரை இழுவை வண்டியிலேயே கொண்டுபோங்கள்.

சொந்தச் சேதத்தையும் சேர்த்த முழுக் காப்பீடு கேட்டால் நிறுவனம் ஆள் அனுப்பி வண்டியைப் பார்க்கும். முந்தைய விபத்தைப் பற்றிக் கேட்டால் உண்மையை எழுதுங்கள். காப்பீட்டு நிறுவனங்கள் கோரிக்கை விவரங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. சேசிஸ் எண்ணைப் போட்டால் முழுச் சேதம் என்பது வந்துவிடும். மறைத்துப் பத்திரம் வாங்கினால் பிரீமியம் கட்டும்வரை எல்லாம் நன்றாகவே இருக்கும், கோரிக்கை வைக்கும் நாளில்தான் கடிதம் வரும். உண்மையைச் சொன்னதால் ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்றைக் கேளுங்கள். பழுதுபார்த்த ஒவ்வொரு கட்டத்தின் புகைப்படமும் ரசீதும் அளவுத் தாளும் இருந்தால் வாய்ப்பு கூடும்.

விற்கும்போது

சொல்லியாக வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், தெரிந்த உண்மையைத் திட்டமிட்டு மறைப்பது மோசடியின் வரையறைக்குள் வருகிறது. மோசடியில் பிறந்த ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்துவிடலாம். 'அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை' என்ற வாதம் பட்டி வைத்துப் பூசி மறைத்த காருக்குப் பொருந்தாது.

சொன்னால் ஐந்தரை லட்சம் வராது. உங்கள் கணக்கு இடிவதே இங்கேதான். 1,65,000, 14,000, 2,40,000 சேர்ந்து 4,19,000 ரூபாய். அதோடு ஏர்பேக் பட்டியல், ஜிக் பெஞ்ச், ஆயுட்கால வரி, காப்பீடு, பெங்களூர்ப் பயணங்கள். ஐந்து லட்சத்தைத் தொட்டுவிடும் என்று நினைக்கிறேன். அந்தப் பணத்துக்கு விபத்தில்லாத, உங்கள் மாவட்டத்திலேயே பதிவான ஒரு கார் கிடைக்கும். நீங்களே பத்து வருடம் வைத்து ஓட்டப் போகிறீர்கள், இதைக் கட்டி எழுப்புவதில் உங்களுக்கு ஆசை என்றால் அது வேறு கணக்கு. லாபத்துக்காக என்றால் இல்லை.

விட்டுவிடும் வழி

காகிதம் சரியாக வரவில்லை என்றாலோ பதிவு ரத்தாகியிருந்தாலோ மூன்று கதவுகள் திறந்திருக்கின்றன. தரகர் விபத்தை 'முன்பக்கம் மட்டும் லேசாக' என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை அழிக்காமல் வையுங்கள். பதிவு ரத்தானதையோ கடன் பாக்கியையோ அவர் மறைத்திருந்தால், வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், தராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நொறுங்கிய வண்டியை நீங்கள் கண்ணால் பார்த்துத்தான் வாங்கினீர்கள் என்பதால், சேதத்தின் அளவை வைத்து மட்டும் வழக்குப் போட்டால் வலுவாக நிற்காது. காகிதத்தில் மறைத்ததை வைத்துப் போட்டால் நிற்கும்.

இரண்டாவது, அரசு அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு மையம். 2021-இல் வந்த விதிகளின்படி விபத்தில் சேதமான வாகனத்தையும் அங்கே கொடுக்கலாம். ஒப்படைப்புச் சான்று தருவார்கள், பதிவும் முறையாக ரத்தாகும். ஆனால் கொடுக்க வேண்டியவர் பதிவேட்டில் உள்ள உரிமையாளர். பார்த்தீர்களா, வண்டியை அடக்கம் செய்வதற்கும் அந்தப் பெங்களூர்க்காரரின் கையெழுத்து வேண்டும்.

மூன்றாவது, எஞ்சின், கியர்பாக்ஸ், பின்பக்கக் கதவுகள், டயர்கள் என்று உதிரியாக விற்பது. அதற்கும் பதிவை ரத்து செய்வது முதலில், பிரிப்பது அடுத்து. சேசிஸ் எண் பொறித்த தகட்டையும் ஆர்.சி.யையும் எந்தக் காயலான் கடைக்காரரிடமும் கொடுத்துவிடாதீர்கள், எவ்வளவு விலை சொன்னாலும். அவர் விலை சொல்வது தகட்டின் இரும்புக்கு அல்ல.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்று: பரிவாஹனில் நிலை பார்ப்பது, முதல் உரிமையாளரின் கைபேசி எண்ணைத் தரகரிடம் வாங்குவது, வங்கிக் கடிதத்தைக் கேட்பது. எண்ணைத் தர தரகர் மறுத்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், நோட்டீஸ் வாசகத்தை அனுப்புகிறேன். வண்டியின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, பேட்டரி ஒயரைக் கழற்றிவைக்கச் சொல்லுங்கள். மழை வருகிறது.